கடற்சேறு சொன்ன சாட்சி
(விஞ்ஞானி மிலுட்டின் மிலாங்கோவிச் வாழ்க்கை வரலாறு)

கோடையில் குளம் வற்றியதும் கரையிறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? வெடித்துக் கிடக்கும் வண்டலை ஒரு கட்டி பெயர்த்தெடுத்தால், அது அடுக்கடுக்காக இருப்பது தெரியும். ஓர் அடுக்கு களிமண், ஓர் அடுக்கு மணல், நடுவில் மக்கிய இலைச் சருகு. வெள்ளம் புரண்டு வந்த ஆண்டு எது, மழை பொய்த்த ஆண்டு எது என்று வயதான விவசாயிகள் அந்த அடுக்குகளைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

குளத்தின் அடியில் சில ஆண்டுகளின் கதை இருக்கிறதென்றால், கடலின் அடியில் எத்தனை ஆண்டுகளின் கதை இருக்கும்! ஆயிரம் ஆண்டுகளில் சில சென்டிமீட்டர் கனமே படியும் அந்த மெல்லிய சேற்றில், லட்சக்கணக்கான ஆண்டுகளின் தட்பவெப்பம் எழுதப்பட்டுள்ளது. பூமியின் வடபாதியின் பல பகுதிகளைப் பனிப்பாறை மூடியதும், பின்பு அது உருகி விலகியதும், மறுபடியும் மூடியதும் அங்கே பதிவாகி இருக்கின்றன.

அந்தச் சேற்றைத் தொட்டுக்கூடப் பாராமல், கப்பலேறித் துருவக் கடலுக்குப் போகாமல், மேசையின் முன் அமர்ந்து பேனாவும் காகிதமும் கொண்டு, அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்ன ஒரு மனிதர் இருந்தார். அவர் சொன்னது சரியே என்று சேறு சாட்சி சொன்னபோது அவர் உயிருடன் இல்லை. அவரைப் பற்றித்தான் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் இங்கே எழுத விழைகிறோம். அவர் பெயர் மிலுட்டின் மிலாங்கோவிச்.

இளமைப் பருவம்

டான்யூப் ஆற்றங்கரையில் டால்ய் என்றொரு சிற்றூர் உள்ளது. இன்று குரோவேசியா நாட்டில் இருக்கும் இவ்வூர் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்திருந்தது. அங்கே ஒரு செர்பியக் குடும்பத்தில் 1879ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் மிலுட்டின் பிறந்தார். அவருடன் இரட்டைப் பிறவியாக மிலேனா என்ற தங்கையும் பிறந்தாள். ஏழு குழந்தைகளில் இவ்விருவரே மூத்தவர்கள்.

செல்வக் குடும்பம்தான், ஆனால் துயரத்திற்குக் குறைவில்லை. தந்தையார் மிலுட்டின் சிறுவனாக இருக்கும்போதே காலமானார். தம்பியர் மூவரைக் காசநோய் இளமையிலேயே பறித்துக்கொண்டது. மிலுட்டினும் நோஞ்சான் பிள்ளையே. ஆகையால் தொடக்கத்தில் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே ஆசிரியர்களை வைத்துப் பாடம் சொல்லித் தந்தார்கள். தாயும் பாட்டியும் மாமாவும் அவரைப் பேணி வளர்த்தார்கள்.

பின்னர் அருகிலிருந்த ஓசியெக் நகரின் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். கணக்கின்மீது அவருக்குத் தீராத பற்று உண்டானது அங்கேதான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வியன்னா நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் கற்று 1902இல் தேறினார். 1904இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

கான்கிரீட் அந்நாளில் புதிய பொருள். வியன்னாவில் ஒரு கட்டட நிறுவனத்தில் பொறியாளராக அமர்ந்து, பேரரசின் பல பகுதிகளில் அணைகளையும் பாலங்களையும் கால்வாய்ப் பாலங்களையும் கான்கிரீட்டினால் வடிவமைத்தார். கை நிறைய ஊதியம்; ஊர் மெச்சும் உத்தியோகம். வேறென்ன வேண்டும் என்று நாம் நினைப்போம். ஆனால் 1909இல் பெல்கிரேடு பல்கலைக்கழகம் பயன்முறைக் கணிதப் பேராசிரியர் பதவிக்கு அழைத்தபோது, ஊதியம் வெகுவாகக் குறையும் என்று தெரிந்தும், வியன்னாவை விட்டுப் புறப்பட்டுவிட்டார். செர்பியா சிறிய நாடு, ஏழை நாடு. ஆயினும் தம் மக்களின் தலைநகரில் கற்பிப்பதையும், மனம் விரும்பிய ஆராய்ச்சியில் ஈடுபடுவதையும் அவர் பெரிதாக மதித்தார்.

பெரிய கேள்வி

பெல்கிரேடு வந்த மிலாங்கோவிச் தமக்கேற்ற பெரிய கேள்வி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாலை கவிஞரான நண்பர் ஒருவருடன் விடுதியில் அமர்ந்திருந்தபோது, இருவரும் ஆளுக்கொரு பெரும்பணி செய்து முடிப்பதென்று சபதம் செய்துகொண்டார்களாம். கவிஞர் தம் நாட்டைப் பற்றிய காவியம் எழுத விரும்பினார். மிலாங்கோவிச்சோ அண்டம் முழுவதையும் கணக்குக்குள் அடக்க விரும்பினார்! விளையாட்டுப் பேச்சுப் போலத் தோன்றும் அந்தச் சபதத்தை அவர் முப்பது ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி பனியுகங்களைப் பற்றியது. ஐரோப்பாவின் பெரும்பகுதியை முன்னொரு காலத்தில் பனிப்பாறை மூடியிருந்தது என்பதை 1837இல் லூயி அகாசி என்ற விஞ்ஞானி எடுத்துரைத்தார். இறுதியாகப் பனி உச்சத்தில் இருந்தது ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு. கடல் நீரின் ஒரு பங்கு பனியாக நிலத்தின்மேல் குவிந்துவிட்டதால் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இராமேசுவரத்துக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள ஆழமற்ற கடல் அப்போது தரையாகவே இருந்தது. கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம்!

ஆனால் பனியுகம் ஏன் வந்தது? ஏன் போனது? சூரியனைச் சுற்றும் பூமியின் போக்கில் ஏற்படும் மாறுதல்களே காரணம் என்று மிலாங்கோவிச்சுக்கு முன்பே சிலர் கூறியிருந்தார்கள். அவர்களுள் ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் குரோல் குறிப்பிடத்தக்கவர். ஏழ்மையால் பள்ளிப் படிப்பைத் தொடர முடியாத அவர், கிளாஸ்கோவில் ஒரு கல்லூரியின் காட்சிச்சாலைக் காவலராக வேலை பார்த்தபடியே, அங்கிருந்த புத்தகங்களைப் படித்து இக்கொள்கையை வளர்த்தார். குரோல் 1890இல் மறைந்தார். அவர் கணக்கில் குறைகள் இருந்ததால் கொள்கை மெல்ல மறக்கப்பட்டது. அறுந்த அந்த இழையைத்தான் மிலாங்கோவிச் கையில் எடுத்தார்.

மூன்று அசைவுகள்

அவர் எடுத்துக்கொண்ட மாறுதல்கள் மூன்று. எங்கள் பூகோள ஆசிரியையான சிஸ்டர் இவற்றை விளக்கிய விதத்திலேயே இங்கு எழுதுகிறோம்.

முதலாவது பாதையின் வடிவம். புது வளையல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது வட்டமாக இருக்கும். இருபுறமும் இலேசாக அழுத்தினால் சற்றே நீள்வட்டமாகும். பூமியின் பாதையும் இப்படி வட்டத்தை ஒட்டியும், சிறிது நீண்டும் மாறிக்கொண்டிருக்கிறது. இதற்குச் சுமார் 1,00,000 ஆண்டுகள் பிடிக்கின்றன.

இரண்டாவது சாய்வு. வகுப்பிலுள்ள பூகோள உருண்டை நேராக நிற்பதில்லை; சாய்ந்து நிற்கிறது. இச்சாய்வு இன்று ஏறத்தாழ 23.4 பாகை. ஆனால் அது நிலையானதன்று. 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே கூடிக் குறைகிறது. ஒரு சுற்றுக்கு 41,000 ஆண்டுகள். சாய்வு குறைந்தால் துருவப் பகுதிகளுக்குக் கோடை வெயில் குறையும்.

மூன்றாவது தலையாட்டம். வேகம் தளர்ந்த பம்பரம் சுற்றிக்கொண்டே தலையாட்டுவதைத் தம்பிமார் விளையாடும்போது பார்த்திருக்கிறோம். பூமியும் அப்படியே மெல்லத் தலையாட்டுகிறது. இதனால் பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் காலம் பருவங்களுக்கிடையே நகர்ந்துகொண்டே போகும். இன்று அது சனவரித் தொடக்கத்தில், அதாவது வடபாதியின் குளிர்காலத்தில் நேர்கிறது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு வடபாதியின் கோடையில் நேர்ந்தது. இந்தச் சுழற்சிக்குச் சராசரியாக 23,000 ஆண்டுகள் என்று கொள்ளலாம்.

இம்மூன்றும் சேர்ந்து, பூமியின் ஒவ்வோர் இடத்திலும், ஒவ்வொரு பருவத்திலும், எத்தனை வெயில் விழுந்தது என்பதை லட்சக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அன்று கணிப்பொறி கிடையாது. எல்லாம் கைக்கணக்கே. தேர்வில் ஐந்து பெரிய கணக்கு வந்தாலே முகம் சுளிக்கும் எங்களுக்கு, இதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

சிறையில் ஒரு விஞ்ஞானி

1914ஆம் ஆண்டு சூன் மாதம் மிலாங்கோவிச்சுக்கும் கிறிஸ்தீனா என்ற மங்கைக்கும் திருமணம் நடந்தது. புதுமணத் தம்பதியர் அவர் பிறந்த ஊரான டால்ய்க்கு வந்திருந்தனர். அந்த நேரம் பார்த்து முதல் உலகப் போர் மூண்டது. டால்ய் இருந்தது ஆஸ்திரிய-ஹங்கேரியில்; மிலாங்கோவிச்சோ செர்பியக் குடிமகன். பிறந்த மண்ணிலேயே அவர் பகைநாட்டவராகக் கைது செய்யப்பட்டார். தாம் பள்ளியில் படித்த அதே ஓசியெக் நகரின் கோட்டையில் அவரை அடைத்தார்கள்.

அறைக்கதவு பூட்டப்பட்டது. கட்டிலில் அமர்ந்தவர் தம் நிலையை எண்ணிப் பார்த்தார். பின்பு கைப்பெட்டி நினைவுக்கு வந்தது. அதில் பாதி எழுதிய கணக்குத் தாள்களும் வெற்றுத் தாள்களும் இருந்தன. பேனாவை எடுத்து விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார். நள்ளிரவு தாண்டிய பின் தலைநிமிர்ந்தபோது, தாம் எங்கே இருக்கிறோம் என்பதே சற்று நேரம் அவருக்கு விளங்கவில்லையாம். அந்தச் சிறு அறை, வானவெளியில் செய்யும் நெடும்பயணத்தில் இரவு தங்கும் சத்திரம் போல அவருக்குத் தோன்றியதாம். சிறைக்குள்ளும் சுதந்திரமாக இருக்கும் கலையை அவர் அறிந்திருந்தார்.

இவ்விடத்தில் இன்னொருவரையும் நாங்கள் போற்ற வேண்டும். மணமாகிச் சில வாரங்களே ஆன கிறிஸ்தீனா அழுதுகொண்டு வீட்டில் முடங்கிவிடவில்லை. வியன்னாவுக்குச் சென்று, கணவருடைய பழைய பேராசிரியரான எமானுவேல் சூபரைக் கண்டு முறையிட்டார். அவர் தமக்குத் தெரிந்த பெரிய மனிதர்களிடம் பேசினார். அதன் பயனாக மிலாங்கோவிச் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டு, புடாபெஸ்ட் நகரில் காவலின் கீழ் தங்கி வேலை செய்ய அனுமதி பெற்றார். வரலாற்று நூல்களில் கிறிஸ்தீனாவைப் பற்றி ஓரிரு வரிகளே உள்ளன. ஆனால் அந்தப் பயணம் நடந்திராவிட்டால் பின்வந்த பக்கங்கள் எழுதப்பட்டிருக்குமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

புடாபெஸ்டில் ஹங்கேரிய அறிவியல் கழகத்தின் நூலகம் அவருக்குத் திறந்திருந்தது. நூலக இயக்குநர் கால்மான் சிலி கணிதம் அறிந்தவர். பகைநாட்டவர் என்று ஒதுக்காமல் அவரை அன்புடன் வரவேற்று இருக்கை தந்தார். போர்க்களங்களில் மனிதர் மனிதரைக் கொன்றுகொண்டிருந்த நான்கு ஆண்டுகளும், அந்த நூலகத்தில் இரண்டு நாட்டவர் அறிவின் பெயரால் நண்பர்களாக இருந்தார்கள். 1915இல் மிலாங்கோவிச்சுக்கு ஒரு மகன் பிறந்தான். போர் முடிந்து 1919இல் குடும்பம் பெல்கிரேடு திரும்பியது. சிறையிலும் காவலிலும் உருவான கணக்குகள் 1920இல் பாரிஸ் நகரில் பிரெஞ்சு மொழியில் நூலாக வெளிவந்தன.

நூறு நாள் தவம்

அந்த நூல் ஜெர்மனியில் விளாடிமிர் கோப்பென் என்ற முதிய அறிஞரின் கண்ணில் பட்டது. உலகத் தட்பவெப்ப மண்டலங்களைப் பிரித்தவர் இவரே. எங்கள் பூகோளப் பாடத்தில் இவர் பெயரைப் படித்திருக்கிறோம். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்பிரட் வேகனர் இவருடைய மருமகன். இவர்கள் இருவரும் பண்டைக்காலத் தட்பவெப்பம் பற்றி ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1922இல் மிலாங்கோவிச்சின் ஒத்துழைப்பை வேண்டி கோப்பென் கடிதம் எழுதினார்.

பனியுகம் வர எந்தப் பருவம் முக்கியம்? கடுங்குளிர்காலமே என்று குரோல் எண்ணியிருந்தார். கேட்பவருக்கும் அதுவே நியாயமாகப் படும். கோப்பெனோ கோடைதான் முக்கியம் என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். துருவத்தை ஒட்டிய நாடுகளில் குளிர்காலத்தில் எப்படியும் பனி பெய்யும். அதை உருக்குவது கோடை வெயில். கோடை மந்தமாக இருந்தால் பழைய பனி கரையாமல் மிஞ்சும். அதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி விழும். வெண்மையான பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் குளிர் இன்னும் கூடும். இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்தே கிலோமீட்டர் கனமுள்ள பனிப்பாறை உண்டாகிறது. சிறுசேமிப்பு உண்டியலைப் போலத்தான். எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட எடுக்காமல் இருக்கிறோமா என்பதே முக்கியம்!

இதைக் கேட்டதும் மிலாங்கோவிச் வடக்கு அட்சரேகை 55, 60, 65 பாகைகளில் விழுந்த கோடை வெயிலை, 6,50,000 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கணக்கிட அமர்ந்தார். காலை முதல் இரவு வரை இடைவிடாத வேலை. நூறு நாட்கள் ஆயின. முடிவில் மலையும் மடுவுமாக ஒரு கோடு பிறந்தது. மடுக்கள் வெயில் குறைந்த காலங்கள். அதாவது பனி வளர்ந்திருக்க வேண்டிய காலங்கள். கோப்பெனும் வேகனரும் 1924இல் வெளியிட்ட நூலில் அந்தக் கோடு இடம்பெற்றது. விஞ்ஞான உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

வேறு பணிகளையும் அவர் செய்தார். 1923இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய கீழைத் திருச்சபைகளின் மாநாட்டிற்குச் செர்பியத் திருச்சபையின் சார்பில் சென்று, பழைய ஜூலியன் நாட்காட்டியைத் திருத்தும் முறையொன்றைத் தந்தார். திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் 1582இல் அமைத்துத் தந்து நாம் இன்று பின்பற்றும் நாட்காட்டியுடன் அது 2800ஆம் ஆண்டு வரை ஒத்துப்போகும். 1928இல் வானவியலை எளிமையாக விளக்கும் நூல் ஒன்றையும் எழுதினார். பெயர் குறிப்பிடப்படாத ஓர் இளம்பெண்ணுக்கு எழுதிய கடிதங்களாக அது அமைந்திருக்கிறது. பேராசிரியர்கள் பேராசிரியர்களுக்காகவே எழுதிய காலத்தில், ஒரு பெண்ணுக்குப் புரிய வேண்டும் என்று அவர் எண்ணியது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது.

மீண்டும் போர்

முப்பது ஆண்டு உழைப்பைத் திரட்டி, அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். அச்சுவேலை முடியும் தறுவாயில், 1941ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், நாசி ஜெர்மனியின் விமானங்கள் பெல்கிரேடின்மேல் குண்டுமாரி பொழிந்தன. செர்பியாவின் தேசிய நூலகம் லட்சக்கணக்கான நூல்களுடன் எரிந்து சாம்பலாயிற்று. அவர் நூல் அச்சாகிக்கொண்டிருந்த அச்சகமும் இடிந்தது.

வாழ்நாள் உழைப்பு வீணாயிற்றா? நல்லவேளையாக, அச்சான தாள்கள் பெரும்பாலும் கிடங்கில் சேதமின்றிக் கிடந்தன. கடைசிப் பக்கங்கள் சில மட்டும் மறுபடி அச்சிடப்பட்டு நூல் வெளிவந்தது. எந்த நாட்டு விமானங்கள் அச்சகத்தை இடித்தனவோ, அந்த நாட்டு மொழியிலேயே அந்நூல் இருந்தது என்பது விந்தை. அறிவுக்குப் பகைநாடு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

போருக்குப் பின் வேறொரு சோதனை வந்தது. 1950களில் கார்பன் முறையால் பழம்பொருள்களின் வயதைக் கணிக்கும் வழி வந்தது. அப்படிக் கிடைத்த சில காலக்கணக்குகள் மிலாங்கோவிச்சின் கோட்டுடன் ஒத்துப்போகவில்லை. முன்பு பாராட்டிய பலர் இப்போது தலையை அசைத்து விலகினார்கள். கார்பன் முறை சில பத்தாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் எட்டாது; அவர் கோடோ பல லட்சம் ஆண்டுகளைப் பற்றியது. ஆயினும் அந்த நெடுங்காலத்தை அளக்க வேறு கருவி அன்று கைவசம் இல்லை. கொள்கை ஓரங்கட்டப்பட்ட நிலையிலேயே, 1958 டிசம்பர் 12ஆம் நாள், 79ஆம் வயதில், மிலாங்கோவிச் பெல்கிரேடில் கண்மூடினார்.

சேறு வாய் திறந்தது

கதை இத்துடன் முடிந்திருந்தால் அவரைப் பற்றி யாரும் இன்று எழுதமாட்டார்கள். கடலின் அடியில் சாட்சி காத்திருந்தது.

தலையில் பாரம் கட்டிய நீண்ட இரும்புக் குழாயைக் கப்பலிலிருந்து கடலில் இறக்குவார்கள். அது அடித்தரையில் குத்தி இறங்கும். மேலே இழுத்தால் குழாய் நிறையச் சேறு, படிந்த வரிசை கலையாமல் வரும். அதை நீளவாக்கில் பிளந்து, அடுக்கு அடுக்காகச் சுரண்டி எடுத்து, நுண்பெருக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். ரவையிலும் சிறிய ஓடுகள் அதில் ஆயிரக்கணக்கில் தெரியும். இவை கடலில் மிதந்து வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகள். சில சுண்ணாம்பாலானவை, சில கண்ணாடி போன்றவை. குளிர்ந்த நீரில் வாழ்பவை எவை, வெதுவெதுப்பான நீரில் வாழ்பவை எவை என்பது தெரிந்தால், அக்காலத்துக் கடல் நீரின் வெப்பம் தெரிந்துவிடும்.

சுண்ணாம்பு ஓட்டில் இன்னொரு இரகசியமும் உண்டு. ஆக்சிஜன் அணுக்களில் இலேசானவையும் உண்டு, சற்றுக் கனமானவையும் உண்டு. கடல்நீர் ஆவியாகும்போது இலேசானவை கொண்ட நீரே எளிதில் மேலெழும். அது பனியாகப் பெய்து நிலத்தில் உறைந்துவிட்டால் கடலுக்குத் திரும்பாது. ஆகவே பனியுகத்தில் கடலில் கனமான ஆக்சிஜனின் விகிதம் கூடும். அப்போது வாழ்ந்த உயிர்களின் ஓட்டிலும் அவ்விகிதம் ஏறும். ஓட்டைச் சோதித்தால், அன்று உலகில் எவ்வளவு பனி இருந்தது என்று அறியலாம்!

ஜான் ஹேஸ், ஜான் இம்ப்ரி, நிக்கலஸ் ஷாகில்டன் என்ற மூன்று விஞ்ஞானிகள் தென் இந்தியப் பெருங்கடலில், அண்டார்க்டிகாவை நோக்கிய குளிர்ந்த நீர்ப்பரப்பின் அடியிலிருந்து எடுக்கப்பட்ட இரண்டு சேற்றுத் தண்டுகளைத் தேர்ந்தார்கள். ஒன்றில் மிகப் பழைய காலம் இல்லை. மற்றதில் அண்மைக் காலம் இல்லை. இரண்டையும் பொருத்தியதும் 4,50,000 ஆண்டுகளின் தொடர்ச்சியான ஏடு கிடைத்தது. அதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது சுமார் 1,00,000 ஆண்டு, 42,000 ஆண்டு, 23,000 ஆண்டு என்ற சுழற்சிகள் வெளிப்பட்டன. சிறையறையில் ஒருவர் தனியே எழுதிய எண்களும், கடலடியில் நுண்ணுயிர்கள் எழுதிய எண்களும் பொருந்தின. இந்த ஆய்வு 1976 டிசம்பர் 10 அன்று வெளியாயிற்று. மிலாங்கோவிச் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் நிறைய இரண்டே நாட்கள் இருந்தன.

அந்தத் தண்டுகளுள் ஒன்று எடுக்கப்பட்ட இடத்தை நாங்கள் வரைபடத்தில் தேடினோம். தெற்கு அட்சரேகை 43 பாகைக்குச் சற்று அப்பால். கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகைக்குச் சற்றே முன்னால். அளவுகோலை வைத்து நேர் வடக்கே கோடு இழுத்தோம். அது இலங்கையைத் தாண்டி நம் நாகப்பட்டினத்தின் கரையில் வந்து நின்றது! எங்களுக்கு மெய் சிலிர்த்தது. நம் கடற்கரையிலிருந்து நேர் தெற்கே ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் தொலைவில், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், அவருக்குரிய தீர்ப்பு எழுதி வைக்கப்பட்டிருந்தது.

இன்றும் தொடரும் ஆய்வு

அதன்பின் ஆய்வாளர்கள் துருவத்திற்கே சென்று துளையிட்டார்கள். 2006-07இல் அண்டார்க்டிகாவின் ராஸ் பனித்தட்டையும் அதன் கீழுள்ள கடலையும் கடந்து, கடலடித் தரையில் 1,280 மீட்டருக்கு மேல் துளைத்துத் தண்டு எடுத்தார்கள். அதில் கல்லும் களியும் கலந்த அடுக்கு, பனிப்பாறை அங்கே ஊர்ந்து வந்ததைச் சொல்லிற்று. நுண்பாசிகளின் கண்ணாடி ஓடுகள் நிறைந்த அடுக்கு, பனி விலகித் திறந்த கடலாக வெயில் பட்டதைச் சொல்லிற்று. மிதக்கும் பனிமலை உருகும்போது அதிலிருந்து நழுவி விழுந்த கற்களையும் துருவச் சேற்றில் காணலாம். முப்பது லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தைய அடுக்குகளில், பனி வந்து போன தாளம் ஏறத்தாழ 40,000 ஆண்டு! பூமியின் சாய்வு மாறும் அதே தாளம்.

இதில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. மேற்கு அண்டார்க்டிகாவின் பனி சரிந்து கரைந்துபோன அக்காலத்தில், காற்றிலிருந்த கரியமில வாயு இன்றைய அளவை ஒட்டியே இருந்தது. மிலாங்கோவிச்சின் சுழற்சிகள் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல நகர்பவை. கடந்த நூறாண்டில் விரைந்து ஏறிய வெப்பத்திற்கு அவை காரணமல்ல. மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயுமே காரணம். கடலோரம் வாழும் நாம் இதை மறக்கலாகாது.

விடை தெரியாத கேள்வியும் உண்டு. பாதையின் வடிவ மாற்றத்தால் வெயிலில் உண்டாகும் வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் அண்மைக் காலப் பனியுகங்கள் 1,00,000 ஆண்டுத் தாளத்தையே பெரிதும் பின்பற்றின. ஏன் என்று விஞ்ஞானிகள் இன்னும் விவாதிக்கிறார்கள். எங்களுள் ஒருத்தி நாளை அதற்கு விடை காணக்கூடாதா?

முடிவுரை

நிலாவில் ஒரு பள்ளத்திற்கும் செவ்வாயில் ஒரு பள்ளத்திற்கும் இன்று மிலாங்கோவிச்சின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவர் அதை அறியார். பனங்கொட்டையை ஊன்றும் பாட்டனார் அதன் நுங்கைத் தின்ன எண்ணுவதில்லை. பேரப்பிள்ளைகள் தின்னட்டும் என்றே ஊன்றுகிறார். அவருக்குத் தெரிந்ததெல்லாம், தாம் ஊன்றியது நல்ல விதை என்பது ஒன்றே.

மதிப்பெண் உடனே வராவிட்டால் நாங்கள் வாடிப்போகிறோம். செய்த நல்ல காரியத்தை ஒருவரும் கவனிக்கவில்லையென்றால் மனம் கசந்துபோகிறோம். பூட்டிய அறையிலும் எழுதி, இடிந்த அச்சகத்தைக் கண்டும் தளராமல், ஊரார் கைவிட்டபோதும் கணக்கை மாற்றாமல் இருந்த ஒருவரின் வாழ்க்கையைப் படித்தபின், எங்கள் வாட்டம் எங்களுக்கே சிறிதாகத் தோன்றுகிறது. கணக்கைச் சரியாகப் போடுவது நம் கடமை. அதற்குச் சாட்சி சொல்லும் நாளை கடலும் காலமும் பார்த்துக்கொள்ளும்.